நாப்பி துணி துவைக்க மாதம் ரூ.190-ஆ, ரூ.2 ஆயிரமா? கைக்குழந்தை வீட்டு கணக்கு

திருப்பூர்:

டயபர் வாங்கி கட்டுப்படி ஆகவில்லை, துணியே கட்டலாம் என்று கைக்குழந்தை உள்ள நிறைய வீடுகளில் முடிவு எடுக்கிறார்கள். துணி கட்டினால் செலவே இல்லை என்பது பொதுவான எண்ணம். "சோப்பும் தண்ணியும்தானே, அதுக்கு என்ன காசு?" என்று கேட்பார்கள். ஆனால் எவ்வளவு ஆகிறது என்று யாரும் உட்கார்ந்து எழுதி பார்ப்பது இல்லை.

எழுதி பார்த்தால் ஒரு வீட்டில் மாதம் ரூ.190-ல் முடிகிறது. தண்ணீர் விலைக்கு வாங்கும் பக்கத்து வீட்டில் அதே வேலைக்கு ரூ.500-ஐ தாண்டுகிறது. துவைக்கிறவருக்கு கூலி போட்டு பார்த்தால் ரூ.2 ஆயிரத்தை தொட்டு விடுகிறது. எப்படி இவ்வளவு வித்தியாசம்? இதன் விவரம் வருமாறு:-

எத்தனை துணி?

முதலில் துணி கணக்கு. பிறந்த குழந்தைக்கு மெல்லிய வேட்டி துணி கட்டினால் ஒவ்வொரு முறை நனையும்போதும் மாற்ற வேண்டும். ஒரு நாளைக்கு 15 துணி சாதாரணமாக ஆகும். மாதம் ஏற ஏற இது குறையும். 6 மாத குழந்தைக்கு நாளைக்கு 12 துணி என்று வைத்துக்கொள்வோம்.

துவைத்தது காய, அடுத்தது கட்ட, அவசரத்துக்கு எடுக்க என்று பார்த்தால் 3 நாள் துணி கையில் இருக்க வேண்டும். அதாவது 36 துணி. கடையில் முடிச்சு போடும் நாப்பி ஒன்று ரூ.25 என்றால் ரூ.900 ஆகிறது. ஒன்றரை வருடம் ஓட்டினால் மாதம் ரூ.50. அடுத்த குழந்தைக்கும் அதே துணியை எடுத்தால் இந்த செலவு இல்லை.

திருப்பூர்க்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ரெயில் நிலையம் பக்கம் காதர்பேட்டையில் பனியன் ரகங்கள் மலிவாக கிடைக்கும். வெட்டு துணியை கிலோ கணக்கில் வாங்கி வீட்டிலேயே தைத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முழு காட்டன்தானா என்று பார்த்து வாங்க வேண்டும். பாலியஸ்டர் கலந்த துணி ஈரத்தை சரியாக உறிஞ்சாது. அப்பாவின் பழைய வேட்டியை கிழித்து கட்டுகிறவர்களுக்கு துணி செலவே கிடையாது. துவைத்து துவைத்து மெத்தென்று ஆன துணி என்பதால் குழந்தைக்கும் உறுத்தாது.

அரசு ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளுக்காக 2015-ம் ஆண்டு தொடங்கப்பட்ட 16 பொருட்கள் கொண்ட பரிசு பெட்டகத்திலும் நாப்கின் ஒரு பொருளாக இருந்தது.

தண்ணீர் செலவு

கணக்கில் பெரிய ஏற்ற இறக்கம் தண்ணீரில்தான் வருகிறது.

கையால் துவைத்தால் முதல் அலசலுக்கு ஒரு வாளி, சோப்பு போட ஒரு வாளி, சோப்பு போக அலச 3 வாளி என்று மொத்தம் 5 வாளி தண்ணீர் வேண்டும். வாளிக்கு 15 லிட்டர் என்றால் நாளைக்கு 75 லிட்டர். மாதத்துக்கு 2 ஆயிரத்து 250 லிட்டர்.

சொந்த போர் அல்லது தொட்டி தண்ணீர் உள்ள வீட்டில் இதற்கு மோட்டார் கரண்டு மட்டும்தான். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் முக்கால் யூனிட் முதல் ஒரு யூனிட் வரை ஆகும். இந்த தண்ணீரை ஏற்ற மாதம் ஒன்றிரண்டு யூனிட் போதும். ரூ.10-க்குள் அடங்கி விடும்.

லாரி தண்ணீர் வாங்குகிறவர்கள் கதை வேறு. 6 ஆயிரம் லிட்டர் லோடு ரூ.900 என்று வைத்தால் லிட்டருக்கு 15 பைசா. 2 ஆயிரத்து 250 லிட்டருக்கு ரூ.340 வருகிறது. அதாவது சோப்பு, துணி இரண்டும் சேர்ந்ததை விட தண்ணீருக்கு அதிகம்.

உப்பு தண்ணீர் தொல்லை

போர் தண்ணீர் இலவசம் என்று சந்தோஷப்பட முடியாது. நம்ம பக்கம் பல இடங்களில் போரில் வருவது சப்பை தண்ணீர். அதில் சுண்ணாம்பு சத்து அதிகம். சோப்பு போட்டால் நுரை வராது. நுரை வரவில்லையே என்று மேலும் மேலும் தேய்ப்பார்கள். சோப்பு கரைவதுதான் மிச்சம். சுண்ணாம்போடு சேர்ந்த சோப்பு வெள்ளை வெள்ளையாக துணியிலேயே படிந்து விடும். காய்ந்ததும் துணி அட்டை மாதிரி விறைப்பாகி விடும். அதை கட்டினால் குழந்தையின் தொடை இடுக்கு சிவந்து போகும்.

இதற்கு வழி இருக்கிறது. சப்பை தண்ணீருக்கு பார் சோப்பை விட வாஷிங் பவுடர் நன்றாக வேலை செய்யும். முதல் அலசலையும் சோப்பு போடுவதையும் சப்பை தண்ணீரில் முடித்து விட்டு, கடைசி ஒரு அலசலுக்கு மட்டும் குழாயில் வரும் நல்ல தண்ணீரை எடுக்கலாம். மழை பெய்யும்போது மாடியில் விழும் சுத்தமான தண்ணீரை பிடித்து வைத்தால் இன்னும் நல்லது. மழை தண்ணீரில் கொஞ்சம் சோப்பே நிறைய நுரைக்கும்.

சோப்பு செலவு

நாளைக்கு 30 கிராம் பவுடர் என்றால் மாதம் 900 கிராம். கிலோ ரூ.100 என்று வைத்தால் ரூ.90. மலம் பட்ட துணியை தனியாக தேய்க்க மாதம் 2 பார் சோப்பு ரூ.40. மொத்தம் ரூ.130.

இதில் மிச்சம் பிடிக்கவும் முடியும். மூத்திர துணிக்கும் மல துணிக்கும் ஒரே அளவு சோப்பு தேவை இல்லை. மூத்திர துணியை உடனே ஒரு தண்ணீரில் அலசி போட்டு விட்டால் நாற்றம் ஏறாது. பிறகு கொஞ்சம் பவுடரே போதும். வாசனைக்காக ஊற்றும் கம்போர்ட் மாதிரி திரவங்கள் வேண்டவே வேண்டாம். அவை நூலின் மேல் படிந்து, துணி ஈரம் உறிஞ்சுவதை குறைத்து விடும். காசும் போச்சு, துணியும் போச்சு.

கரண்டு பில்

வாஷிங் மெஷினில் ஹீட்டர் போடாமல் பச்சை தண்ணீரில் துவைத்தால் ஒரு முறைக்கு கால் யூனிட் அளவுதான் ஆகும். தினமும் போட்டாலும் மாதம் ஏழரை யூனிட். ஹீட்டர் போட்டு சுடுதண்ணீரில் துவைக்கும் மெஷின் என்றால் ஒரு முறைக்கே ஒரு யூனிட் அளவுக்கு இழுக்கும்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு 2 மாதத்துக்கு 100 யூனிட் இலவச மின்சாரம் 2016-ம் ஆண்டு மே மாதம் அறிவிக்கப்பட்டது. சொந்த மின் இணைப்பில் குறைவாக கரண்டு எரிக்கும் வீட்டுக்கு துணி துவைக்கும் கரண்டு பெரிதாக தெரியாது. ஆனால் லைன் வீடுகளில் குடியிருப்பவர்களில் பலருக்கு இந்த சலுகை கைக்கு வருவது இல்லை. வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கி விடுகிறார். யூனிட் ரூ.8 என்று வாங்கினால் ஏழரை யூனிட்டுக்கு ரூ.60.

மழைக்காலத்தில் இன்னொரு செலவு ஒளிந்து இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் துணி காயாது. கொடியில் இருந்து எடுத்து அயர்ன் பாக்ஸ் வைத்து தேய்த்து காய வைப்பார்கள். தினமும் அரை மணி நேரம் தேய்த்தால் அரை யூனிட் வரை ஆகும். மாதம் 15 யூனிட். அதாவது மெஷின் எடுப்பதை போல 2 மடங்கு. சப்-மீட்டர் வீட்டில் இதற்கு மட்டும் ரூ.120. பேன் காற்றில் 6, 7 மணி நேரம் போட்டாலும் கிட்டத்தட்ட அதே அளவு கரண்டுதான். மழைக்காலத்துக்கு என்று கூடுதலாக 10, 12 துணி வாங்கி வைக்கலாம்.

வெயிலுக்கு பில் கிடையாது. குளிர் நாடுகளில் சுடுதண்ணீர் மெஷின், துணி காய வைக்கும் மெஷின் இரண்டும் ஓட வேண்டி இருக்கிறது. இங்கிலாந்து அரசு தரப்பில் 2008-ம் ஆண்டு வெளியான ஆய்விலும் இதைத்தான் சொன்னார்கள். மெஷின் நிறைய துணி சேர்ந்த பிறகு போட வேண்டும், கொடியில் காய வைக்க வேண்டும், அடுத்த குழந்தைக்கும் அதே துணியை பயன்படுத்த வேண்டும். அப்படி செய்தால்தான் துணி நாப்பியால் சுற்றுச்சூழலுக்கு லாபம் என்று அதில் கூறப்பட்டது. நம் ஊரில் இந்த மூன்றும் தானாகவே நடக்கிறது.

மொத்தம் எவ்வளவு?

இதுவரை பார்த்ததை கூட்டினால் கையால் துவைக்கும் வீட்டுக்கு மாத செலவு:-

சொந்த தண்ணீர் உள்ள வீடு: துணி ரூ.50, சோப்பு ரூ.130, மோட்டார் ரூ.10. மொத்தம் ரூ.190.

தண்ணீர் வாங்கும் வீடு: துணி ரூ.50, சோப்பு ரூ.130, தண்ணீர் ரூ.340. மொத்தம் ரூ.520.

இப்போது டயபர். எந்த கம்பெனி டயபராக இருந்தாலும் கடையில் "பாம்பர்ஸ் குடுங்க" என்றுதான் கேட்கிறார்கள். ஒரு டயபர் பல முறை மூத்திரத்தை தாங்கும். எனவே 12 துணிக்கு 12 டயபர் என்று கணக்கு போடக்கூடாது. நாளைக்கு 5 டயபர் போதும். ஒன்று ரூ.10 என்றால் நாளைக்கு ரூ.50, மாதம் ரூ.1,500. 2025-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி முதல் குழந்தைகள் நாப்கின், டயபருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாக குறைக்கப்பட்டது. அப்படியும் துணியோடு போட்டி போட முடியாது.

ஆக துணி கட்டினால் மாதம் ரூ.1,000-ல் இருந்து ரூ.1,300 வரை மிச்சம். பனியன் கம்பெனியில் ஷிப்டுக்கு போகிற குடும்பத்துக்கு இது சின்ன தொகை அல்ல.

இங்கே கொடுத்த விலைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் ஏரியா தண்ணீர் விலை, கடை விலையை போட்டு நீங்களே கூட்டி பார்த்துக்கொள்ளலாம்.

விட்டுப்போன கணக்கு

இத்தோடு முடிந்தால் துணிக்கே ஜெயம். ஆனால் ஒரு கணக்கு விட்டுப்போய் இருக்கிறது. துவைப்பது யார்?

12 துணியை அலசி, மலம் பட்டதை தனியாக தேய்த்து, பிழிந்து, காய போட்டு, எடுத்து மடிக்க நாளைக்கு ஒரு மணி நேரம் ஆகும். மாதத்துக்கு 30 மணி நேரம். பனியன் கம்பெனியில் 8 மணி நேர ஷிப்டுக்கு ரூ.400 கூலி என்றால் மணிக்கு ரூ.50. அப்படி பார்த்தால் 30 மணி நேரத்துக்கு ரூ.1,500.

அதாவது டயபருக்கு எவ்வளவு ஆகுமோ அதே தொகை. சொந்த தண்ணீர் வீட்டில் ரூ.190-ஓடு இதை சேர்த்தால் ரூ.1,690. தண்ணீர் வாங்கும் வீட்டில் ரூ.2 ஆயிரத்து 20. துணியில் மிச்சம் ஆகிற பணம் சோப்பிலோ தண்ணீரிலோ மிச்சம் ஆவது இல்லை. வீட்டில் ஒரு பெண் சம்பளம் வாங்காமல் செய்கிற வேலையில்தான் மிச்சம் ஆகிறது.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு போன பெண்ணுக்கு ஆரம்பத்தில் இது தெரியாது. அம்மா துவைத்து போட்டு விடுவார். அம்மிச்சியும் ஒரு கை பிடிப்பார். 3-ம் மாதமோ 5-ம் மாதமோ கணவர் வீட்டுக்கு வந்ததும் வாளி இவர் கைக்கு வந்து விடுகிறது.

2017-ம் ஆண்டு மகப்பேறு சட்டம் திருத்தப்பட்டபோது, 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கம்பெனிகளில் உள்ள பெண்களுக்கு முதல் 2 குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு என்று ஆனது. 26 வாரம் என்பது 6 மாதம். குழந்தைக்கு இணை உணவு கொடுக்க ஆரம்பிப்பதும் 6 மாதம் முடிந்த பிறகுதான். அதுவரை தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தையின் துணியை அலசுவது சுலபம். கஞ்சி, பருப்பு சாதம் என்று ஆரம்பித்த பிறகு கறையும் நாற்றமும் கூடும். அதாவது துவைக்கும் வேலை கஷ்டமாகிற அதே நேரத்தில் அம்மா வேலைக்கு திரும்ப வேண்டி வருகிறது. பீஸ் ரேட்டுக்கு தைக்கும் பெண்களில் பலர் இந்த லீவு கூட கிடைக்காமல் 3-ம் மாதமே மெஷினில் உட்கார்ந்து விடுகிறார்கள்.

அப்போதுதான் வீட்டில் பேச்சு வருகிறது. "எங்க காலத்துல பாம்பர்ஸா இருந்துச்சு? வேட்டிய கிழிச்சு கட்டித்தான் 4 புள்ளைய வளர்த்தோம்" என்று மாமியார் சொல்வார். "நீங்க வளர்த்தப்ப 8 மணி ஷிப்டு இல்லீங்களே அத்தை" என்று மருமகள் மனதுக்குள் சொல்லிக்கொள்வார். இருவர் சொல்வதும் சரிதான். கணக்கு எழுதாததால்தான் சண்டை.

மெஷின் லாபமா?

தண்ணீர் வாங்கும் வீட்டில் மெஷினுக்கு முதல் அலசலோடு சேர்த்து நாளைக்கு 100 லிட்டர் என்று வைத்தால் மாதம் தண்ணீர் ரூ.450, கரண்டு ரூ.60, சோப்பு ரூ.130, துணி ரூ.50. மொத்தம் ரூ.690. கையால் துவைப்பதை விட ரூ.170 அதிகம்.

ஆனால் வேலை நேரம் ஒரு மணியில் இருந்து 20 நிமிடமாக குறையும். மாதம் 20 மணி நேரம் மிச்சம். ரூ.170-க்கு 20 மணி நேரம் கிடைக்கிறது என்றால் லாபம்தான். வீட்டில் ஏற்கனவே மெஷின் இருந்தும் "குழந்தை துணிதானே, கையிலயே போடு" என்று சொல்லும் வீடுகள் இதை யோசிக்க வேண்டும். மலத்தை கழிப்பறையில் போட்டு, துணியை ஒருமுறை அலசி விட்டு மெஷினில் போட்டால் போதும்.

நடு வழி

பல வீடுகளுக்கு ஒத்து வருவது இரண்டும் கலந்த வழி. பகலில் துணி, ராத்திரி ஒரே ஒரு டயபர்.

டயபருக்கு மாதம் ரூ.300. துணி 12-ல் இருந்து 8 ஆக குறையும். சோப்பு ரூ.90, துணி ரூ.50, மோட்டார் ரூ.10 சேர்த்து ரூ.450-ல் முடியும். தண்ணீர் வாங்கும் வீட்டில் ரூ.665 வரும். முழுக்க டயபர் போடுவதை விட எப்படியும் ரூ.800-க்கு மேல் மிச்சம். துவைக்கும் நேரமும் மாதம் 10 மணி குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக அம்மா ராத்திரி 4 முறை எழுந்து துணி மாற்ற வேண்டாம். மறுநாள் ஷிப்டுக்கு போகிறவருக்கு அந்த தூக்கம் ரூ.10 பெறும்.

ராத்திரி டயபர் மலத்தால் நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். காலையில் எடுத்த டயபரை பேப்பரில் சுற்றி தனியாக குப்பை வண்டியில் கொடுக்க வேண்டும். டயபரை சுற்றித்தான் கொடுக்க வேண்டும் என்று 2016-ம் ஆண்டு திடக்கழிவு விதிகளிலேயே சொல்லப்பட்டது. சாக்கடையில் போட்டால் உப்பி அடைத்துக்கொள்ளும்.

கவனிக்க வேண்டியவை

* கைக்குழந்தை மலம்தானே என்று பொது குழாயடியிலும் வாசல் சாக்கடையிலும் அலசக்கூடாது. அதிலும் கிருமி உண்டு. மலத்தை கழிப்பறையில் போட்டு தண்ணீர் ஊற்ற வேண்டும். துவைத்த பிறகு சோப்பு போட்டு கை கழுவ வேண்டும்.

* மலம் பட்ட துணியை வாரம் ஓரிரு முறை கொதிக்கும் தண்ணீரில் முக்கி எடுத்து நல்ல வெயிலில் காய வைக்கலாம். தினமும் டெட்டால் ஊற்ற தேவை இல்லை. சரியாக அலசாவிட்டால் அதுவே எரிச்சல் தரும்.

* கடைசி அலசல் தண்ணீரை கொட்ட வேண்டாம். அடுத்த நாள் முதல் அலசலுக்கு வைத்தால் நாளைக்கு ஒரு வாளி மிச்சம். தண்ணீர் வாங்கும் வீட்டுக்கு மாதம் சுமார் ரூ.70 லாபம்.

* அப்படி வைக்கும் வாளியை மூடி போட்டு பாத்ரூம் கதவை சாத்தி வைக்க வேண்டும். தவழும் குழந்தை அரை வாளி தண்ணீரில் தலைகுப்புற விழுந்தாலும் உயிருக்கு ஆபத்து.

* தொடை இடுக்கில் சிவப்பு 2, 3 நாளில் குறையாவிட்டாலும், சின்ன சின்ன பொரிகள் பரவினாலும் பவுடர் போட்டு மறைக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

துணியா, டயபரா என்று முடிவு எடுக்கும் முன்பு 2 கேள்வி கேட்டுக்கொண்டால் போதும். நம் வீட்டில் தண்ணீர் எங்கே இருந்து வருகிறது? துவைக்க போவது யார்? சொந்த தண்ணீரும், மாறி மாறி துவைக்க 2, 3 கைகளும் இருக்கிற வீட்டில் துணியை மிஞ்ச எதுவும் இல்லை. தண்ணீரும் விலைக்கு வாங்கி, ஷிப்டு முடிந்து வந்த ஒரே ஆள் துவைக்கும் வீட்டில் மிச்சம் என்று நினைப்பது அவர் உடம்பில் இருந்து போகிறது. காய போடவும் மடிக்கவும் வீட்டில் உள்ள ஆண்கள் நாளைக்கு 20 நிமிடம் கை கொடுத்தால் மாதம் 10 மணி நேரம் அந்த அம்மாவுக்கு கிடைக்கும். அதற்கு பைசா செலவு இல்லை.